கூடங்குளத்தின் எரிந்த எரிபொருளை எந்த நீர் தொடப்போகிறது?

அணுசக்தித் துறையின் செயலர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கழிவு மேலாண்மை அறிவியலாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

கூடங்குளம் உலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளை நெடுங்காலத்துக்கு எப்படி வைத்துக் காப்பது என்பது குறித்து இந்த மடலை எழுதுகிறேன். அந்த எரிபொருளைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சோவியத் ஒன்றியம் 1988இல் ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் அந்த ஏற்பாடு மாறி, எரிபொருள் இந்தியாவிலேயே தங்கும் என்றானது. 2013 மே 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உலைக்கு அப்பாலான சேமிப்பு மையம் ஒன்றை ஐந்தாண்டுகளில் அமைக்கவும், நிரந்தரமான ஆழ்நிலக் கழிவு மையத்துக்கான முயற்சிகளை விரைந்து மேற்கொள்ளவும் அறிவுறுத்தியது. சேமிப்பு மையத்துக்கான கெடு 2018இல் முடிந்து, 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அன்று தொடங்கி இன்றுவரை எங்கள் பக்கத்தில் பேசப்படுவது பெரும்பாலும் இடத்தைப் பற்றித்தான்: வளாகத்துக்கு உள்ளேயா வெளியேயா, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று. அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால், ஆழத்தில் புதைத்த எரிபொருள் பத்தாயிரம் ஆண்டு கழித்து என்னவாக இருக்கும் என்பதை மீட்டர் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாறையின் விரிசல்களில் ஊறி வரும் நீரில் எவ்வளவு பைகார்பனேட், எவ்வளவு சல்ஃபைடு, எவ்வளவு கரைந்த ஹைட்ரஜன், எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த வேதியியலை, நம் எரிபொருளுக்கும் நம் பாறைக்கும் உரிய அளவீடுகளோடு, மக்கள் முன் வைக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

உங்களுக்குத் தெரிந்த அடிப்படைகளை இங்கே சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களும் அவற்றை அறிந்திருந்தால்தான் இக்கோரிக்கையின் எடை புரியும் என்பது. கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையிலும் 163 எரிபொருள் கட்டுகள் உள்ளன. ஒவ்வொரு கட்டிலும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள். ஒவ்வொரு கோலிலும் யுரேனியம் டை ஆக்சைடால் ஆன சிறு சிறு வில்லைகள். சில ஆண்டுகள் எரிந்தபின் வெளியே எடுக்கும்போதும் அந்த வில்லையின் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு, யுரேனியமாகவே இருக்கிறது. மீதியுள்ள சிறு பங்கில்தான் சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின், டெக்னீசியம் போன்ற பிளவு விளைபொருள்களும், புளூட்டோனியம், அமெரிசியம், நெப்டூனியம் போன்ற கன தனிமங்களும் அடங்கியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை யுரேனியம் டை ஆக்சைடின் படிகக் கூட்டுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கின்றன. எனவே, அந்தப் படிகம் கரையாதவரை அவையும் வெளியேறமாட்டா. உருக்கு, செம்பு, களிமண், பாறை என்று எத்தனை தடுப்புகளைச் சொன்னாலும், முதல் தடுப்பு அந்த வில்லைதான். எரிபொருளை அடைத்துப் புதைக்கும் உலோகக் கலம் என்றோ ஒருநாள் அரித்து ஓட்டையாகி நீர் உள்ளே புகுந்தபிறகும் காவல் நிற்கக்கூடியது அது.

அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது யுரேனியத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைப் பொறுத்தது. நான்கு இணைதிறன் நிலையில் யுரேனியம் நீரில் கரைய மறுக்கிறது. ஆக்சிஜன் அற்ற, ஒடுக்கும் தன்மையுள்ள நீரில் அதன் கரைதிறன் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவை ஒட்டியே இருக்கிறது. ஆறு இணைதிறன் நிலைக்கு ஏறிவிட்டால் அது யுரேனைல் அயனியாகிறது. நீரில் பைகார்பனேட் இருந்தால் கார்பனேட்டோடு இணைந்து உறுதியான கூட்டயனிகளை ஆக்கி, பல்லாயிரம் மடங்கு கூடுதலாகக் கரைகிறது. இயற்கையே இதற்கு நீண்ட சான்று வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோவில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாக இயங்கிய அணுப்பிளவுத் தொடர்வினையின் எச்சங்கள் 1972இல் கண்டறியப்பட்டன. அங்கே உருவான புளூட்டோனியமும் பிளவு விளைபொருள்களில் பலவும், சிதைந்து முடியும்வரை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. கனடாவின் சிகார் ஏரி யுரேனியப் படிவு 100 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, நிலத்துக்கு அடியில் 400 மீட்டருக்கும் கீழே, களிமண் உறைக்குள், ஒடுக்கும் நீரின் நடுவில் கிடக்கிறது. அதற்கு நேர் மேலேயுள்ள தரைமட்டத்தில் அது இருப்பதற்கான வேதியியல் தடயம்கூட எளிதில் கிடைக்கவில்லை.

ஆனால், இந்த எடுத்துக்காட்டுகளைச் சொல்லி மக்களை அமைதிப்படுத்துவோர் மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு. நீர் மாறினால் முடிவும் மாறும். அமெரிக்கா 1987இல் தேர்ந்தெடுத்த யக்கா மலைத் திட்டத்தில் சுரங்கங்கள் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்று புழங்கும் பாறையில் அமையவிருந்தன. அங்கே யுரேனியம் டை ஆக்சைடு நிலையான பொருளே அல்ல. ஈரக்காற்றில் அது ஆக்சிஜனேற்றமடைந்து மஞ்சள் நிற யுரேனைல் கனிமங்களாக மாறும். அதனால் அத்திட்டத்தின் பாதுகாப்புக் கணக்கில் எரிபொருள் வில்லையைக் காட்டிலும் உலோகக் கலத்தின்மீதே பெரும் சுமை விழுந்தது. ஒரே வகை எரிபொருள், இரண்டு வெவ்வேறு நிலத்தடிச் சூழல்கள், இரண்டு வெவ்வேறு எதிர்காலங்கள். ஆகவே, எங்கோ ஒரு நாட்டின் கழிவு மையம் பாதுகாப்பானது என்பது நம்முடையதும் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

ஒடுக்கும் சூழலைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் சிக்கல் முடிந்துவிடுவதில்லை, ஏனெனில் எரிபொருள் தன்னைச் சுற்றியுள்ள நீரைத் தானே மாற்றிக்கொள்கிறது. அதிலிருந்து வரும் கதிர்வீச்சு நீர் மூலக்கூறுகளைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரஜன் ஆகியவற்றை உண்டாக்குகிறது. முதல் சில நூற்றாண்டுகளில் பீட்டா, காமா கதிர்கள் ஓங்கியிருக்கும். 30 ஆண்டு அளவிலான அரை ஆயுள் கொண்ட சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவை குறைந்தபிறகு, அமெரிசியமும் புளூட்டோனியமும் வெளிவிடும் ஆல்ஃபா துகள்களே முதன்மையாகின்றன. ஆல்ஃபா துகள் நீரில் சில பத்து மைக்ரோமீட்டர் தூரமே செல்லும். அவ்வளவு மெல்லிய நீர்ப்படலத்துக்குள், அதாவது எரிபொருளின் தோலை ஒட்டியே, அது தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடுகிறது. பாறை முழுவதும் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தாலும், எரிபொருளின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிறந்து யுரேனியத்தை ஆறு இணைதிறன் நிலைக்கு ஏற்ற முடியும் என்பதுதான் இத்துறையினரை நாற்பது ஆண்டுகளாக உழைக்கவைத்த கேள்வி. ஸ்டட்டைட் என்னும் யுரேனைல் பெராக்சைடு கனிமம் நீரில் கிடந்த எரிபொருளின்மீது படிந்ததும், செர்னோபிலின் உறைந்த எரிபொருள் குழம்பின்மீது காணப்பட்டதும், இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று என்பதைக் காட்டுகின்றன.

இந்த அச்சத்துக்கு மறுமொழியாகக் கிடைத்த கண்டுபிடிப்பு, என் பார்வையில், இந்தத் துறையின் மிக அழகிய வேதியியல். சுவீடன், பின்லாந்து நாடுகளின் திட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் தடித்த செம்புக் கலத்துக்குள் வார்ப்பிரும்பாலான ஓர் உள்ளமைப்பு இருக்கிறது. கலம் உடைந்து நீர் புகுந்தால், ஆக்சிஜன் இல்லாத அந்த நீரில் இரும்பு மெல்ல அரித்து மேக்னட்டைட் என்னும் இரும்பு ஆக்சைடாக மாறி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது: மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள். ஆழத்தின் நீரழுத்தத்தில் இந்த ஹைட்ரஜன் கணிசமான செறிவில் கரைந்து தங்குகிறது. சாதாரண வெப்பநிலையில் ஹைட்ரஜன் சோம்பலான வாயு, தானாக வினைபுரியாது. ஆனால், எரிந்த எரிபொருளுக்குள் மாலிப்டினம், ருத்தீனியம், டெக்னீசியம், ரோடியம், பல்லேடியம் ஆகிய பிளவு உலோகங்கள் சேர்ந்து நுண்ணிய உலோகத் துகள்களாகப் படிந்திருக்கின்றன; எப்சிலான் துகள்கள் என்று அவற்றை அழைக்கிறார்கள். அவை வினையூக்கியாகின்றன. அவற்றின்மேல் ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்க, மின்கடத்தும் வில்லையின் வழியே அந்த எலக்ட்ரான்கள் பரவி, யுரேனியம் ஆக்சிஜனேற்றமடையாமல் தடுக்கின்றன. கனடாவின் டேவிட் ஷூஸ்மித் குழுவினரின் மின்வேதியியல் ஆய்வுகளும், சுவீடனில் ஸ்டட்ஸ்விக் அணு ஆய்வகத்திலும் ஸ்டாக்ஹோம் கே.டி.ஹெச். பல்கலைக்கழகத்திலும் நடந்த சோதனைகளும் இதைப் படிப்படியாக நிறுவின. இந்தச் சான்றுகளின் மேல் நின்றுதான் சுவீடனின் அணுக்கழிவு மேலாண்மை நிறுவனமான எஸ்.கே.பி., எரிபொருள் ஆண்டுக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தில் கரையும் என்பதை மையமாகவும், பத்து லட்சத்தில் ஒன்று முதல் பத்துக் கோடியில் ஒன்று வரை என்பதை வரம்பாகவும் எடுத்துக்கொண்டு தன் பாதுகாப்புக் கணக்கைப் போட்டது. ஒரு கோடியில் ஒரு பங்கு என்றால், ஒரு வில்லை முழுவதும் கரைய ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள்.

அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் அறிக்கையில் எழுதிவிட முடியாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அது அவர்களுடைய இரும்பு, அவர்களுடைய நீர், அவர்களுடைய எரிபொருள் எரிந்த அளவு ஆகியவற்றின் மேல் நிற்கும் எண். பின்லாந்தின் கழிவு மையம் அமைந்த ஒல்கிலுவோட்டோவின் பாறையில், அந்த மைய ஆழத்தில் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. தென்னிந்தியாவில் கிணற்று நீரே முப்பது டிகிரியை நெருங்குகிறது, ஆழம் செல்லச் செல்ல அது கூடும். கலத்தைச் சுற்றி வைக்கும் பெண்டோனைட் களிமண் நூறு டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது அவர்களின் வடிவமைப்பு வரம்பு. நம் பாறையில் அந்த வரம்புக்குள் நிற்கவேண்டுமானால் எரிபொருளைக் கூடுதல் காலம் ஆறவைக்கவேண்டும், அல்லது கலங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி விடவேண்டும். பைகார்பனேட்டைப் பற்றியோ நமக்கு நம் கிணறுகளே சொல்கின்றன: தென்னிந்தியக் கடும்பாறைப் பகுதிகளில், குறிப்பாகக் கோலார், சிக்கபல்லாப்பூர் பக்கம், ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கை யுரேனியம் குடிநீர் வரம்பை மீறி இருப்பது அளந்தறியப்பட்டிருக்கிறது, ஆக்சிஜன் கலந்த, பைகார்பனேட் மிகுந்த நீர் பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. அந்த மேல்நிலை நீர் எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது, எந்த ஆழத்தில் பாறையின் இரும்புக் கனிமங்களும் நுண்ணுயிரிகளும் அதிலுள்ள ஆக்சிஜனைத் தின்று முடிக்கின்றன என்பதை அளக்காமல், எந்த இடத்தையும் பொருத்தமானது என்று சொல்லமுடியாது. இதோடு இன்னொன்று: உப்பு நீரிலுள்ள புரோமைடு அயனிகள் ஹைட்ரஜன் தரும் பாதுகாப்பை ஓரளவு குறைக்கக்கூடும் என்று ஜெர்மனியில் நடந்த சோதனைகள் சுட்டின. கடலோரப் பாறை ஒன்றை என்றேனும் நீங்கள் கருதினால், இது முதலிலேயே விடை காணவேண்டிய கேள்வி. மறுபுறம், அயனிகள் மிகக் குறைந்த மென்னீரும் ஆகாது. அதில் பெண்டோனைட் மெல்லக் கூழாகிக் கரைந்து போகக்கூடும். சுவீடனில் பனிப்பாறை உருகிய நீரைக் குறித்து இந்தக் கவலை எழுந்தது. இங்கே பனியுகப் பனிப்பாறை வராது, ஆனால் பருவமழை நீர் உண்டு.

வில்லை கரையும் வேகத்தைப் பற்றி மட்டும் பேசுவதும் போதாது. எரியும்போது அயோடின், சீசியம் ஆகியவற்றின் ஒரு பகுதி வில்லைக்கும் உறைக்குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கிலும், படிக மணிகளின் விளிம்புகளிலும் போய்ச் சேர்கிறது. கருவாட்டின் மேற்புறத்து உப்பு தண்ணீர் பட்டவுடன் கரைவதுபோல, இந்தப் பகுதி நீர் தொட்ட சில நாட்களிலோ சில மாதங்களிலோ வெளிவந்துவிடும். ஹைட்ரஜன் இதைத் தடுக்காது. அயோடின்-129இன் அரை ஆயுள் 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள்; எதிர்மின் அயனியாக இருப்பதால் அது களிமண்ணிலும் கிரானைட்டிலும் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை; உடலுக்குள் போனால் தைராய்டைத் தேடிச் செல்லும். இந்த உடனடி வெளியேற்றப் பங்கு எரிபொருள் எவ்வளவு கடுமையாக எரிந்தது என்பதைப் பொறுத்து ஏறும். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் இயற்கை யுரேனியம் டன்னுக்கு ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள் அளவுக்கே எரிகிறது. கூடங்குளத்தின் செறிவூட்டிய எரிபொருளோ அதைப்போல ஆறேழு மடங்கு எரிகிறது. 2022 முதல் 18 மாதச் சுழற்சிக்கான புதிய வகை எரிபொருள் அங்கே ஏற்றப்படுகிறது. ஆகவே, கனநீர் உலை எரிபொருளை வைத்து எடுத்த எந்த அளவீடும் கூடங்குளத்துக்குப் பொருந்தாது. தனியே அளக்கவேண்டும்.

இதுபோன்ற கேள்விகளைப் பொதுவெளியில் எழுப்பினால் அச்சம் பரவும் என்று உங்களில் சிலர் கருதக்கூடும். சுவீடனில் நடந்தது அதற்கு மாறான அனுபவம். ஆக்சிஜன் இல்லாத தூய நீரில் செம்பு அரிக்காது என்ற அடிப்படையின் மேல்தான் அவர்களின் கலம் நின்றது, கே.டி.ஹெச்.சின் அரிமான ஆய்வாளர் குன்னார் ஹுல்ட்குவிஸ்ட் 1986இலேயே அதை மறுத்து எழுதினார். பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ஆயினும் அவர் வாயை யாரும் அடைக்கவில்லை. இரு தரப்பும் மீண்டும் மீண்டும் சோதித்தன, ஒழுங்குமுறை அமைப்பும் தனக்கெனச் சோதனைகள் நடத்தச் செய்தது. எதிர்த்து வாதாடிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு, மின் நிறுவனங்கள் செலுத்தும் கழிவு நிதியிலிருந்தே நிதியுதவி கிடைத்தது. 2018 ஜனவரியில் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலத்தின் அரிமானம் குறித்த ஐயங்கள் தீரவில்லை என்று அரசிடம் சொன்னது. நிறுவனம் கூடுதல் ஆய்வுகளை ஒப்படைத்தது. 2022 ஜனவரி 27 அன்று அரசு ஒப்புதல் அளித்தது. அந்த முடிவு சரியா தவறா என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால், எந்த அயனி, எந்த வினை, எவ்வளவு வேகம் என்ற அளவில் ஒரு நாட்டின் நீதிமன்றமும் ஊராட்சியும் பேசின. கழிவு மையத்துக்குத் தேர்ந்த இடமான போர்ஸ்மார்க்கை உள்ளடக்கிய ஓஸ்தாமர் ஊராட்சிக்குத் திட்டத்தை மறுக்கும் உரிமை இருந்தது. அது 2020இல் ஒப்புதல் வாக்களித்தது. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் வாழ்கிறவர்கள் அப்படிப்பட்ட பேச்சுக்குத் தகுதியற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்கக்கூடாது.

உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். இந்தியா பின்பற்றுவது மூடிய எரிபொருள் சுழற்சி. எரிந்த எரிபொருள் கழிவல்ல, வளம். அதை மறுசெயலாக்கம் செய்து புளூட்டோனியத்தைப் பிரித்தபின் எஞ்சுவதைக் கண்ணாடியாக்கிச் சேமிப்போம். எனவே எரிபொருள் அரிமானம் நமக்குரிய கேள்வியே அல்ல என்பீர்கள். இதை நான் ஏற்கவில்லை. மறுசெயலாக்கம் நடந்தாலும் அயோடின்-129 மறைந்துவிடாது; கண்ணாடியும் நீரில் அரிக்கும், அதற்கும் இதே பாறை, இதே நீர், இதே அளவீடுகள் வேண்டும். அதற்கு முன், எரிபொருள் பல பத்தாண்டுகள் குளத்து நீரில் காத்திருக்கப்போகிறது. அதற்குள் உறை சிதைந்த கோல்கள் சில சேரும். இயங்கும் இரண்டு உலைகளோடு இன்னும் நான்கு கட்டப்பட்டுவரும் ஓரிடத்தில், எல்லா எரிபொருளும் உரிய காலத்தில் மறுசெயலாக்கத்துக்குப் போய்விடும் என்பதை மட்டும் நம்பி, மாற்று வழிக்கான அறிவியலைத் தொடங்காமல் இருப்பது பொறுப்பான செயலாகாது. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தின் ‘கே’ எனப்படும் எரிபொருள் சேமிப்புக் குளங்களில் 2,000 டன்னுக்கும் மேற்பட்ட உலோக யுரேனிய எரிபொருள், மறுசெயலாக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து, அது நின்றுபோனதால் நீரிலேயே அரித்துச் சேறாகியது. நம்முடையது உலோகம் அல்ல, ஆக்சைடு. அவ்வளவு வேகமாக அரிக்காது. ஆனால், தற்காலிகம் என்று சொல்லி வைத்தது எத்தனை ஆண்டு நீளும் என்பதை வைத்தவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பது அங்கே நடந்த உண்மை.

இந்தச் சோதனைகளுக்குக் காலம் பிடிக்கும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். ஸ்டட்ஸ்விக்கில் எரிந்த எரிபொருளை நீரில் ஊறவைத்து அளக்கும் பணி 1980களிலிருந்து நடந்துவருகிறது. நமக்கும் அடித்தளம் இல்லாமல் இல்லை: கோலார் தங்கச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், பாறை வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்ற சோதனையை உங்கள் துறை 1980களிலேயே நடத்தியது. கதிரியக்கப் பொருளைக் கையாளும் வெப்ப அறைகளும் அவற்றில் பழகிய வேதியியலாளர்களும் கல்பாக்கத்திலும் டிராம்பேயிலும் இருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கூடங்குளத்து எரிபொருளின் சில கோல்களைத் தேர்ந்தெடுத்து, தென்னிந்தியக் கடும்பாறையின் ஆழ நீரை ஒத்த கரைசலில், ஹைட்ரஜன் இருந்தும் இல்லாமலும், முப்பது டிகிரியிலும் அதற்கு மேலும், கரையும் வேகத்தையும் உடனடி வெளியேற்றப் பங்கையும் அளக்கத் தொடங்குங்கள். அதற்கு முன்னோடியாக, கழிவு மையத்துக்கு நீங்கள் கருதும் பாறை வகைகளில் ஆழ்துளையிட்டு, 500 மீட்டருக்கும் கீழேயுள்ள நீரைக் காற்றுப் படாமல் எடுத்து, அதன் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலையையும் பைகார்பனேட், சல்ஃபைடு, குளோரைடு, புரோமைடு அளவுகளையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அளவீடுகளைத் துறைக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழக வேதியியலாளர்கள் மறுஆய்வு செய்ய வழிவிடுங்கள். ஒழுங்குமுறை வாரியம் தனக்கென ஓர் அரிமான ஆய்வுக் குழுவை, துறையின் ஆய்வகங்களைச் சாராமல், அமைத்துக்கொள்ளட்டும். ஒத்திவைக்கப்பட்ட கருத்துக்கேட்பு மீண்டும் கூடும்போது, சேமிப்பு மையத்தின் வரைபடத்தோடு, குளத்து நீரின் வேதியியல் பதிவுகளும், சேமிப்புக்குப் பின் எரிபொருள் எங்கே, எந்தச் சூழலுக்குப் போகும் என்ற திட்டமும் தமிழில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பாவது இராதாபுரம் வட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்